சுவரில் ஒரு செம்மறியாடும் இருந்தது

என் மகள் தன் பேச்சை ஒவ்வொரு அபார்ட்மெண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டு வந்தாள். டெக்சஸில் இருந்தபோது பார்க்கிங் லாட்டில் நிற்கிற கார்களுக்கெல்லாம் பெயர் வைத்து அவற்றோடு பேசுவாள். அவள் அப்பாவின் காண்ட்ராக்ட் முடிந்து கலிபோர்னியாவுக்குப் போனோம். அங்கே பாதிப் பேச்சுதான் கூட வந்தது. அந்தக் காண்ட்ராக்டும் முடிந்து நியூஜெர்சிக்கு, பிளெய்ன்ஸ்பரோவுக்கு வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பதினோரு வயது. கேட்டால் மட்டும் பதில். அதுவும் ஆங்கிலத்தில், அதுவும் ஒற்றைச் சொல்லில். ஓகே. ஃபைன். நத்திங்.

எனக்கோ வேலை பார்க்க அனுமதி தராத விசா. கை சும்மா இருந்தாலும் கால் சும்மா இருக்காத பிறவி நான். பகலெல்லாம் காரை எடுத்துக்கொண்டு எங்காவது போவேன், வருவேன். இந்தியக் கடைகள் நிறைந்த ஐசலினில் கறிவேப்பிலை வாங்கப் போய் வேண்டுமென்றே தப்பான எக்சிட்டில் இறங்கி, தெரியாத ஊர்களின் தபாலாபீஸ் வாசலில் நின்றுவிட்டுத் திரும்புவேன். வீட்டுக்குள் நுழையும்போது ஒரு சத்தம் கேட்கும். குப்பைத்தொட்டி வைத்திருக்கும் செங்கல் சுவரில் டென்னிஸ் பந்தைக் காலால் உதைத்துக்கொண்டிருப்பாள் மகள். டப். டப். டப். அவளுடைய பேச்சு அங்கே போய்விட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

தொண்ணூற்றெட்டாம் வருஷத்து வசந்தத்தில் ஒருநாள் அவளே வந்து நின்று, “கேன் ஐ ட்ரை சாக்கர்?” என்றாள். முழு வாக்கியம்! எழுவாய், பயனிலை எல்லாம் இருந்தது. நிலாவில் மைதானம் என்றாலும் அன்று கொண்டுபோய் விட்டிருப்பேன்.

ஊருக்கென்று பெண்பிள்ளைகளின் கால்பந்து டிராவல் டீம் ஒன்று இருந்தது. பக்கத்து ஊர்களுக்கெல்லாம் போய் விளையாடுகிற அணி. அதில் இடம் கிடைத்தால் வருஷம் முழுக்க அதே பிள்ளைகள், அதே வேன், அதே சிரிப்பு. எனக்கு வேண்டியிருந்தது கோல் இல்லை, அந்தச் சிரிப்பு. கிடைக்காவிட்டால் என்ன என்பதையும் அவள் அப்பா சொல்லிவைத்திருந்தார்.

“செலக்ட் ஆனா சந்தோசம். இல்லேன்னா சாட்டர்டே கணக்கு கிளாஸ்ல சேர்த்தீரலாம். பக்கத்தூரு பிஸ்கட்டவேல நல்ல கிளாஸ் ஒண்ணு இருக்குதாம்.”

மகள் தலையாட்டினாள். ஓகே என்றுகூடச் சொல்லவில்லை.

தேர்வு நாளன்று மைதானத்துக்கு ஒரு ரொட்டிக்கடை வேன் வந்து நின்றது. பக்கவாட்டில் கடையின் பெயரும், நெவார்க் பக்கத்தில் ஆற்றோரமாக உள்ள ஓர் ஊரின் பெயரும் எழுதியிருந்தன. பின்கதவு திறந்ததும் சூடான ரொட்டி வாசனையோடு பந்துகள் உருண்டு விழுந்தன. பின்னாலேயே அணியின் கோச், ஒரு கிழவர், இறங்கினார். வலது முழங்கால் மடங்கவில்லை. வாயைத் திறந்தார், நான் அப்படியே நின்றுவிட்டேன்.

அவருடைய ‘ர’! உருண்டது. நாக்கின் நுனியில் பம்பரம் சுற்றுகிற மாதிரி. என் கணவரை அப்போது ஆபீசில் ஒரு வகுப்புக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள், அமெரிக்கர்களுக்குப் புரியும்படி பேசுவதற்கு. அங்கே முதல் பாடமே ‘ர’வை உருட்டாமல் விழுங்குவதுதான். அவரும் ராத்திரிச் சாப்பாட்டின்போது ‘ர’வை ரசத்தோடு சேர்த்து விழுங்கிப் பழகிக்கொண்டிருந்தார். இந்தக் கிழவரோ ஸ்காட்லாந்திலிருந்து வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகியும் ஒரே ஒரு ‘ர’வைக்கூட இந்த நாட்டுக்கு விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தார்.

அப்புறம் அந்தப் பந்து. யாரோ ஒரு பெண் ஓங்கி உதைத்தது, வானத்துக்குப் போய்விட்டு, அவர் நின்றிருந்த இடத்துக்கு நேரே இறங்கியது. அவர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பேச்சை நிறுத்தவில்லை. மடங்காத காலை ஒரு சாண் தூக்கினார். பந்து அவருடைய ஷூவின் மேல் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும், சத்தமே வரவில்லை. பழகிய பறவை தோளுக்கு வருகிற மாதிரி வந்தது. வேலியைப் பிடித்திருந்த என் விரல்கள் வலிக்கிற அளவுக்கு இறுகியிருப்பதை அப்புறம்தான் பார்த்தேன்.

மகள் ஓடினாள், விழுந்தாள், எழுந்தாள். முடிவில் அவளுடைய அப்பா எதிர்க்கோடிக்குப் போய்க் கிழவரிடம் பேசிவிட்டு வந்தார். முகம் தொங்கியிருந்தது. கார் கிளம்பி ரோட்டுக்கு வந்த பிறகுதான் சொன்னார்.

“சந்தேகம்தான்கிறாரு கண்ணு.”

பின்சீட்டில் அவள் தேர்வுக்குக் கொடுத்த ஆரஞ்சு நிற மேல்சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள்.

வீட்டு வாசலில் இறங்கி அவள் உள்ளே போன பிறகு, “அப்படியா சொன்னாரு?” என்றேன்.

“டவுட்டுன்னுதான் சொன்னாரு. ‘ஐ டவுட்’டுனு ஆரம்பிச்சாரு. இடம் ஒதுக்கறது பத்தி என்னமோ சொன்னாரு. நல்ல மனுசன், மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லல. விடு.”

நம்முடைய ‘சந்தேகம்தான்’ எப்படிப்பட்டதென்று எனக்குத் தெரியும். கடன் கேட்டவருக்கும் பெண் கேட்டவருக்கும் நோகாமல் சொல்கிற ‘இல்லை’ அது. சத்தம் வராமல் சாத்துகிற கதவு.

அடுத்த சனிக்கிழமை முதல் பயிற்சி. நாங்கள் போகவில்லை. குப்பைத்தொட்டிச் சுவரும் சும்மா இருந்தது. அந்த அமைதியைத் தாங்க முடியாமல் மூன்று பேரும் ஐசலினுக்குக் கிளம்பிப்போய், ஆளுக்கொரு தோசையை மேசையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தோம்.

திரும்பி வந்ததும் மகள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆன்சரிங் மெஷினில் சிவப்பு விளக்கு மின்னியது. கிழவருடைய குரல். உருளுகிற ‘ர’க்களுக்கு நடுவே தெளிவாகப் புரிந்தது ஒரு வாக்கியம்தான்: சின்னப்பெண் வரவில்லையே, “ஐ டவுட், அவளுக்கு உடம்பு சரியில்லை.”

என் கணவருக்கு முகம் சிவந்துவிட்டது. “பாத்தியா! ஒடம்பு சரியில்லேங்கறத நம்பலேங்கறான். நாம பொய் சொல்றமாம்!”

“நாம எங்கீங்க சொன்னோம் ஒடம்பு சரியில்லேன்னு?”

“அதானே! சொல்லாத பொய்ய எப்படி நம்பாம இருப்பான்?”

“அதத்தான் நானும் கேக்கறேன். வேணாம்னு சொன்னவரு, வரலேன்னு எதுக்குப் போன் பண்றாரு?”

“கெழவனுக்கு மறதியா இருக்கும். விடு, அந்தச் சட்டையத் திருப்பிக் குடுத்துட்டு ஆளை விடச் சொல்லு.”

எனக்கு அது போதும். ஒரு காரணமும் ஒரு ஊரும் கிடைத்தால் எனக்குக் கால் நிற்காது. மேல்சட்டையைத் துவைத்து மடித்து எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலை வடக்கே கிளம்பினேன், வேனில் எழுதியிருந்த ஊருக்கு.

ஆற்றோரமாகச் செங்கல் கட்டடங்கள், வரிசையாக, நீள நீளமாக, கண்ணாடி உடைந்த ஜன்னல்களோடு. பார்த்ததுமே தெரிந்தது. திருப்பூர்க்காரிக்கு நூல் மில்லை யாரும் காட்டித்தர வேண்டியதில்லை. இந்த மில்லுக்காகத்தான் ஒரு காலத்தில் ஸ்காட்லாந்திலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கியிருக்கிறார்கள். மில் மூடியும் கொஞ்சம் பேர் இங்கேயே தங்கிவிட்டார்கள்.

கடைக்குள் நுழைந்ததும் கல்லாவில் இருந்த வெள்ளைமுடி அம்மாள், “என்ன வேணும், ஹென்?” என்றார். கிழவருடைய அக்கா என்று பிறகு தெரிந்தது. என்னை யாரும் அதுவரை கோழி என்று கூப்பிட்டதில்லை. பின்னால் திரும்பிப் பார்த்தேன். எனக்கடுத்து வந்த தபால்காரப் பெண்மணியும் கோழிதான். அவருக்குப் பிறகு வந்த கிழவியும் கோழிதான். சரி, இது ‘கண்ணு’ போல ஒன்று என்று எடுத்துக்கொண்டேன்.

தம்பி பின்னால் அடுப்பில் இருக்கிறார், இருங்கள் என்றார். இருந்தேன். அப்போதுதான் சுவரைப் பார்த்தேன்.

தரையிலிருந்து கூரைவரை படங்கள். சட்டம் போட்டவை, போடாதவை, செய்தித்தாளில் வெட்டியவை. எதிலும் பெயர் இல்லை. எண்ணெய்க் கறை படிந்த முகத்தோடு, கழுத்தில் இலைமாலையோடு ரேஸ் கார் ஓட்டுபவர் ஒருவர். கண்ணை மூடிக்கொண்டு கிடாரை அணைத்திருந்த ஒரு பாடகி. மூக்கு உடைந்த குத்துச்சண்டைக்காரர். மழையில் நனைந்து முடிவுக்கோட்டைத் தொடுகிற ஓட்டக்காரி, வாய் திறந்திருக்க, கால்கள் இரண்டும் தரையைவிட்டு எழும்பி. பேக்பைப் வாசிக்கும் முழுக் குடும்பம் ஒன்று. வண்டிமேல் ஏறி நின்று பேசுகிற ஒல்லியான அரசியல்வாதி.

“எல்லாரும் நம்ம ஆளுங்க, ஹென்,” என்றார் அக்கா.

நம்ம ஆளு! ஐசலின் காபிக்கடையில் உட்கார்ந்தால் வேறு பேச்சே கிடையாது. டிவியில் யார் தெரிந்தாலும் யாராவது ஒரு அங்கிள் டம்ளரை வைத்துவிட்டு, “அவன் நம்ம ஆளு தெரியுமில்ல? அவங்க சித்தப்பா கோபிச்செட்டிப்பாளையம்” என்று ஆரம்பித்துவிடுவார். அந்தப் பேச்சுக்கு நான் சிரித்திருக்கிறேன். இந்தச் சுவருக்கு முன்னால் சிரிப்பு வரவில்லை. ஸ்காட்லாந்து முழுக்கச் சேர்த்தாலும் சென்னைக்குள் அடங்கிவிடுகிற ஜனங்கள். மழை, கல், ஆடு. அதிலிருந்து இத்தனை பேரா? அந்த அம்மாள் விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே போனார். கேட்கக் கேட்க எனக்குக் கழுத்து பின்னால் சாய்ந்துகொண்டே போனது. கல்லாவுக்குப் பக்கத்திலிருந்த டெலிபோனைத் தட்டினார், “கண்டுபிடிச்சது நம்ம ஆளு.” வாசல் தார் ரோட்டைக் காட்டினார், “நம்ம ஆளு.” ஒல்லியான அரசியல்வாதியைக் காட்டும்போது மட்டும் குரல் தணிந்தது. தங்களுக்கென்று ஒரு சட்டசபை வேண்டுமென்று கேட்டுக் கேட்டே தொண்டை போனவராம். அடுத்த வருஷம் அது கூடப்போகிறதாம். பார்க்க அவர் இல்லை.

நடுவில், நல்ல மரச்சட்டம் போட்டு, ஒரு செம்மறியாடு.

“இது?”

“அதுவும் நம்ம ஆளுதான்,” என்றார், சிரிக்காமல். ஒரு செல்லை வைத்துக்கொண்டு ஓர் ஆட்டைப் போலவே இன்னோர் ஆட்டைச் செய்துவிட்டதாகப் போன வருஷம் உலகமே பேசியதே, அந்த ஆடு. ஸ்காட்லாந்துப் பெரியவர்களின் வரிசையில், பாடகிக்கும் குத்துச்சண்டைக்காரருக்கும் நடுவே, நேராக என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

அடுப்படிக் கதவுக்குப் பக்கத்தில், தாழ்வாக, மாவுத்தூசி படிந்து ஒரு படம் இருந்தது. அதை அந்த அம்மாள் காட்டவில்லை. நானே குனிந்து விரலால் துடைத்தேன். ஓர் இளைஞன் காற்றில் படுத்திருந்தான். தரைக்கு மேலே ஓர் ஆள் இடுப்புயரத்தில், கட்டில் இல்லாமல் படுத்த மாதிரி. வலது கால் பந்தைத் தொடுகிற கணம். அவனுக்குப் பின்னால் கூட்டம். முகங்களாகத் தெரியவில்லை, களத்தில் குவித்த சோளம் போல, மேகம்வரை. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்திருப்பது படத்திலேயே கேட்டது.

அந்த அம்மாள் முகவாயை அடுப்படிப் பக்கம் அசைத்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு, ரொட்டித் தட்டைத் தோளில் தாங்கி, அந்த இளைஞன் வந்தான். எழுபது வயதில், மடங்காத அதே வலது காலோடு.

நாட்டுக்காக விளையாடியவர். அந்தச் சோளக்குவியல் முழுக்க எழுந்து நின்று அவர் பெயரைச் சொல்லிக் கத்தியிருக்கிறது. அப்புறம் கால் போயிற்று, கடல் தாண்டி அக்காவின் கடைக்கு வந்துவிட்டார். இதை அக்கா சொன்னார். அவர் “அதெல்லாம் விடு” என்று கையால் மாவைத் தட்டுகிற மாதிரி பேச்சைத் தட்டிவிட்டார். இந்த மனிதர் என் பெண்ணைப் பார்த்துத்தான் சந்தேகம் என்று சொல்லியிருக்கிறார். சொன்னது சரியாகத்தான் இருக்கும் என்று அப்போது தோன்றியது.

மேல்சட்டையை நீட்டினேன். “துவைச்சிருக்கேன் சார். தேங்க்ஸ்.”

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. “இதை எதுக்கு எங்கிட்ட தர்றீங்க? இது அவளுதாச்சே.” என்னை ஒரு தரம் பார்த்தார், எனக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தார். ஆற்றுப் பக்கம் வானம் கறுத்திருந்தது.

“ஐ டவுட் இட்’ஸ் கோயிங் டு ரெயின்,” என்றார்.

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். சாக்பீசால் விலை எழுதி வாசலில் நிறுத்தியிருந்த பலகையை மடக்கி உள்ளே கொண்டுவந்தார். அக்கா எழுந்து ஜன்னலைச் சாத்தினார். தபால்காரப் பெண்மணி தன் பையைக் கோட்டுக்குள் செருகிக்கொண்டார்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. மழை சந்தேகம் என்றால் பலகை எதற்கு உள்ளே வருகிறது?

மழை கொட்டியது. சாய்வாக, முரட்டுத்தனமாக, தார் ரோடு வெள்ளையாகும்வரை கொட்டியது. மூன்று பேரும் அதைச் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், சொன்னபடி வந்த விருந்தாளியைப் பார்க்கிற மாதிரி.

“மழை வரும்னு உங்களுக்குத் தெரியுமா?” என்றேன்.

“அதைத்தானே சொன்னேன்?”

“இல்ல, டவுட்னு சொன்னீங்க.”

“ஆமா. ஐ டவுட் இட்’ஸ் கோயிங் டு ரெயின்.”

“டவுட்னா… வராதுன்னு இல்லையா?”

முதலில் அக்காதான் சிரிக்க ஆரம்பித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “முப்பது வருஷமாச்சு இவன் வந்து! நம்ம ஊர்ல மட்டும்தான் ‘டவுட்’னா ‘வந்துரும்போல இருக்கே’ன்னு அர்த்தம், இங்க அது தலைகீழ்னு எத்தனை தடவைடா சொல்றது உனக்கு?”

அவர் சிரிக்கவில்லை. “உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் என்ன சொன்னேன் தெரியுமா?” என்றார் மெதுவாக. “இவளுக்கு ஓர் இடம் போட்டுத்தான் ஆகணும்போல இருக்குன்னு சொன்னேன். பதினஞ்சு பேர் போதும்னு நெனச்சிருந்தேன், இவளைப் பார்த்தப்புறம் முடியல. சட்டையை வீட்டுக்கே குடுத்தனுப்பினேனே. வேண்டாதவங்களுக்கு யாரு சட்டை குடுப்பா?”

அவர் ரொட்டித் தட்டில் கை ஊன்றி, மழையைப் பார்த்தபடி ஏதோ யோசித்தார். கண்கள் ஒவ்வொரு முகமாகத் தேடுவது தெரிந்தது. “ஒரு செம்பட்டைத் தலைப் பொண்ணு இருந்தா,” என்றார். “இடதுகால்காரி. அவ வீட்லயும் இப்படித்தான் சொல்லியிருப்பேன். திரும்பி வரவே இல்ல. வெட்கம்னு நெனச்சுக்கிட்டேன்.”

அக்காவின் சிரிப்பு நின்றது.

அவர் நிமிர்ந்தார். மேல்சட்டையை என் கையோடு சேர்த்து அழுத்தித் திருப்பிக் கொடுத்தார். “சனிக்கிழமை ஒன்பது மணி. அவளைக் கூட்டிட்டு வாங்க. நான் கேட்டேன்னு சொல்லுங்க.” சோளக்குவியல் போன்ற கூட்டம் எழுந்து நின்று கத்தியது இவருக்காக. இவர் என் மகள் வரவேண்டுமென்று என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அக்கா ஒரு பை நிறைய ரொட்டியைத் திணித்து, “நனையாமப் போ, ஹென்” என்றார்.

அன்று சாயங்காலம் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். கணவர் நம்பவில்லை. மகள் கேட்டுக்கொண்டே இருந்தவள் சட்டென்று எழுந்து நின்றாள்.

“அப்பா, அவர் என்ன சொன்னார்? எக்ஸாக்டா. அவர் சொன்ன மாதிரியே சொல்லுங்க.”

அவர் தயங்கினார். பிறகு வகுப்பில் விழுங்கக் கற்றுக்கொண்ட ‘ர’வையெல்லாம் மறுபடி வெளியே எடுத்து உருட்டி, “ஐ டவுட் வீ’ல் ஹாவ் டு மேக் ரூம் ஃபார் ஹெர்” என்றார்.

அவள் கையிரண்டையும் தலையில் வைத்துக்கொண்டாள்.

“அப்பா! தட்’ஸ் அ யெஸ்! அவர் அப்படித்தான் பேசுவார்! டிரை-அவுட் ஃபுல்லா அப்படித்தான் பேசினார். ‘ஐ டவுட் யூ’ர் தர்ஸ்டி’ன்னுட்டு எல்லாருக்கும் தண்ணி குடுத்தார். ஒன் அவர்லயே எனக்குப் புரிஞ்சிடுச்சு. நீங்க ஏன் அதைத் தமிழ்ல சொன்னீங்க? ஏன் சந்தேகம்தான்னு சொன்னீங்க?”

எத்தனை வாக்கியங்கள் என்று நான் கவனிக்கவில்லை. தமிழ் எது, ஆங்கிலம் எது என்றும் பிரித்துப் பார்க்கவில்லை. திட்டிக்கொண்டிருந்தாள். டெக்சஸில் விட்டது, கலிபோர்னியாவில் விட்டது எல்லாம் சேர்ந்து வந்துகொண்டிருந்தது. அவள் அப்பா குற்றவாளி மாதிரி சோபா நுனியில் உட்கார்ந்து, வாங்கிக்கொண்டே, முகம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அவள் பதினாறாவது ஆளாக இறங்கினாள். நடுவிலிருந்து கத்தினாள், கையை வீசினாள், யாரையோ அதட்டினாள். அதட்டலில் ஒரு ‘ர’ உருண்டது. எங்களுடையதா கிழவருடையதா என்று சொல்ல முடியாத ‘ர’. அவர் பக்கக்கோட்டில் நின்று, அவள் காலைப் பார்க்கிறபோதெல்லாம் மடங்காத தன் காலைக் கொஞ்சம் அசைத்துக்கொண்டார்.

திரும்பி வரும்போது பின்சீட்டிலிருந்து ஒரு கேள்வி வந்தது.

“அப்பா, நெக்ஸ்ட் இயரும் நாம இங்கதான் இருப்போமா?”

காண்ட்ராக்ட் டிசம்பரில் முடிகிறது. அடுத்த ஊராகச் சிகாகோ பற்றி ஒரு பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது அவளுக்கும் தெரியும். என் கணவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார், ஆரஞ்சு மேல்சட்டையை இன்னும் கழற்றாமல் உட்கார்ந்திருந்தவளை. சிக்னல் பச்சையானது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

“ஐ டவுட்,” என்றார்.

அவள் முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப்பார்த்தாள். “எந்த ஊர் டவுட்?”

“உங்க கோச் ஊரு டவுட்டு,” என்றார் அவர், ‘ர’வை நன்றாக உருட்டி.